ராகவன் உள்ளே இருக்கிறார்

போன் லைன் வழியாக வெளியூர் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து வேலை பார்ப்பதைப் போல வாய்க்குப் பூட்டுப் போட்ட பிழைப்பு வேறு கிடையாது. கறுப்புத் திரையில் மின்னும் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

கண்ணாடி அறை

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பம்பாய் தலைமை அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் போய் எங்கள் சரக்கு விவரத்தைப் பதிய வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போனால் சாயங்காலம்வரை நான் ஒருவன்தான். தூசு வரும் என்று வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் என்னைப் போல நுழைந்து யார் யார் இருக்கிறார்கள் என்று தட்டிக் கேட்டால் பெயர்களைக் காட்டும். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். ராகவன் என்பவர் மட்டும் எப்போதும் இருப்பார். நம்ம ஊர்ப் பெயர்! எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் ‘சாப்டாச்சா சார்?’ என்று தட்டினேன். அவர் திரையில் அது தெரியும். பதில் இல்லை. வேலையாக இருப்பார் என்று மறுநாளும் கேட்டேன். ஒரு வார்த்தை பதில் வந்தால் போதும், அன்றைய பொழுது ஓடிவிடும் எனக்கு. தட்டுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது என் வழக்கம். டீ கொண்டுவந்த கேன்டீன் முனுசாமி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்: “இன்னா சார், தனியா குந்திகினு யாராண்ட பேசிகினு கீறீங்க?”

காதர் பாயின் கருணை

கம்ப்யூட்டரைக் கீச்சுக் குரலில் போன் லைனில் பேசவைக்கும் என் மோடம் பெட்டிக்கும் வாசல் செக்யூரிட்டிக்கும் ஒரே லைன். அங்கே ரிசீவரை எடுத்தால் இங்கே தொடர்பு அறுந்துவிடும். ஒரு நாள், ‘திருமுல்லைவாயிலில் தனி ரூம் சார். ஞாயிற்றுக்கிழமை பேச ஆளே இல்லை’ என்று ராகவனிடம் என் சொந்தக் கதையைக் கொட்டிவிட்டுக் காத்திருந்தேன். லைன் போய்விட்டது. இப்போதுதான் பதில் எழுத ஆரம்பித்திருப்பாரோ என்று எனக்குத் தாங்கவில்லை. வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினேன். கரையான்சாவடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் பேச போனை எடுத்த செக்யூரிட்டி காதர் பாய், ரிசீவரைப் பதறிப்போய் என்னிடம் நீட்டினார்: “உள்ள யாரோ கீச்சுகீச்சுன்னு கத்துறாங்க சார், என்ன கஷ்டமோ, மொதல்ல அவங்களக் கவனிங்க!”

பம்பாயிலிருந்து ஒரு குரல்

ஒருவழியாகப் பதில் வந்தது, திரையில் இல்லை, போனில். தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் விஜயா என்ற அம்மா, நல்ல தமிழ். “ராகவன் சார் வேலைய விட்டுப் போய் ரெண்டு மாசமாச்சு. லாக்-அவுட் பண்ணாமலே போயிருக்கார், அதான் பேர் இன்னும் காட்டுது. இன்னிக்குத்தான் அவர் சீட்டுப் பக்கம் வந்தேன். திரை முழுக்க நீங்க எழுதினதுதான் இருக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமைக் கதை உட்பட எல்லாவற்றையும் படித்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் வெட்கத்தை விட்டு, அந்தப் பெயரை எடுக்காமல் அப்படியே விட்டுவைக்க முடியுமா என்று கேட்டேன். அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: “ஆளே இல்லாம வெறும் பேர வச்சுக்கிட்டு நீங்க என்ன சார் பண்ணப் போறீங்க?”

எந்த ஊர்க் கம்ப்யூட்டருக்குள்ளும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நுழையத் தெரிந்த எனக்கு, திருமுல்லைவாயிலில் பக்கத்து ரூம்காரர் கதவைத் தட்ட மட்டும் கடைசிவரை கை வரவில்லை.