பூஜை அறைச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே வருஷங்கள் ஓடிவிட்டன. பேனாவும் பேப்பரும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன், குக்கர் விசில் அடிக்கும், எழுந்து போய்விடுவேன். குக்கர் ஒரு சாக்குதான். எழுதினால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம், அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பேய், பிசாசு, காத்துக் கருப்பு இதிலெல்லாம் எனக்கு எந்தக் காலத்திலும் நம்பிக்கை கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறேன், அவள் இருக்கும்போது மற்றதுக்கெல்லாம் ஏன் பயப்பட வேண்டும் என்று நினைக்கிறவள். இன்றைக்கும் அதே நினைப்புதான். அதனால் இதைப் பேய்க்கதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இது என்னவென்று எனக்கே தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரி வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குன்னூர் மலையில் அருவங்காட்டில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கைதான். சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் யோசிக்க வேண்டும், அது நம் வீடு இல்லை. ரிட்டயர்மென்ட் நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போய்விட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது? கோயமுத்தூர் பக்கம் போனால் அவருக்கு வெயில் ஆகாது, எனக்கோ என் மாரியம்மனை விட்டுவிட்டுப் போக மனசு வராது. இந்த மலையிலேயே சொந்தமாக ஒரு வீடு, அதில் சின்னதாக ஒரு பூஜை அறை. இத்தனை வருஷமும் சாமி படங்களை மிக்சிக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்துக் கும்பிட்டவள் நான். வேறு ஆசை எதுவும் இல்லை.

அப்போதுதான் ஜெகதளா போகிற வழியில் அந்தக் கல் வீடு விலைக்கு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. தேயிலைச் சரிவுக்கு மேலே தனியாக நிற்கும். கருங்கல் சுவர், முழங்கை நீளத்துக்குக் கனம், மேலே தகரக் கூரை, கூரையில் ஒரு புகைபோக்கி. வீட்டுக்கு உடையவர் வயதானவர், கோயமுத்தூரில் இருக்கிறார், இனி மலை ஏற உடம்பு ஒத்துழைக்காது என்று விற்கிறார். சாவி, சரிவுக்குக் கீழே லைன் வீட்டில் இருக்கிற லெட்சுமி அக்காவிடம் இருந்தது. கொழுந்து பறிக்கிறவர், சிலோனிலிருந்து வந்த குடும்பம். முதல் தடவை கதவைத் திறந்து உள்ளே போனதுமே என் வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாக நின்று "இது ஹாலு, இது நம்ம ரூமு" என்று பங்கு பிரிக்க ஆரம்பித்துவிட்டார். பின்பக்கம் கிழக்குப் பார்த்த ஒரு சின்ன அறை. நான் கேட்பதற்கு முன்பே அவரே சொன்னார்: "இது உன்ற சாமிக்கு."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியம் எதுவானாலும் முதலில் அம்மனிடம் பூ கேட்போம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எனக்கு வெள்ளை வந்தது. கோயிலிலேயே அழுதுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் உடனே அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பினார். திருப்பூரில் இருக்கிற என் பெரிய மகள் போனில் பிடித்துக்கொண்டாள். "அப்பா, பழைய ஊடு, இன்ஜினியர வெச்சுப் பாக்காம ஒரு பைசா குடுக்காதீங்க." அவளோடு காலேஜில் படித்த கவிதா குன்னூரில் இருக்கிறாள், இந்த மாதிரிப் பழைய கட்டிடங்களைப் பரிசோதித்து ரிப்போர்ட் கொடுப்பதுதான் அவள் தொழில். அவளை அனுப்பி வைத்தாள். இவருக்கு ஒரே சிரிப்பு. "ஊட்டுக்கு ஸ்கேன் எடுக்கப் போறாங்களாமா! அம்மன் குடுத்த ரிப்போர்ட்டு பத்தாதாக்கும்."

கவிதா வந்த அன்று நடுப்பகலிலேயே பனிமூட்டம். ஜீன்ஸ் பேண்ட், மழைக்கோட்டு, தோளில் ஒரு பை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டு அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்தாள். கூரைக் கட்டைகளில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தி உளுத்துப் போயிருக்கிறதா என்று பார்த்தாள். அறைக்கு அறை, சுவருக்குச் சுவர் போனில் போட்டோ எடுத்தாள். என் வீட்டுக்காரர் பின்னாலேயே போனார்.

"ஏனுங் மேடம், நூறு வருசமா நிக்கற செவுரு, இனி எங்கீங்க ஓடப் போகுது?"

"நிக்கறது வேறீங் அங்கிள், நகராம நிக்கறது வேறீங்க" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது.

முன்பக்கச் சுவர்களில் பழைய விரிசல்கள் இருந்தன. அவை நின்று போன விரிசல்களா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறவையா என்று தெரிய வேண்டும். அதற்கு அவள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஆஸ்பத்திரியில் ரத்தம் தடவிப் பார்க்கிற கண்ணாடி மாதிரி மெல்லிய துண்டுகளை எடுத்து, விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் அப்பி ஒட்டினாள். சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்துவிடுமாம்.

"நானும் ஒண்ணு ஒட்டிப் பாக்கட்டுமா கண்ணு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"வேண்டாங்மா, சிமெண்டு கையில பட்டா அரிக்கும். நீங்க பக்கெட்டப் புடிச்சுக்கங்க, போதும்."

பக்கெட்டைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிமெண்டையும் கண்ணாடியையும் நான் தொடவே இல்லை.

பின்பக்க அறையில் விரிசலே கிடையாது, அங்கே அவள் எதையும் ஒட்டவில்லை. கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஊட்லயே நல்ல செவுரு இதுதானுங்மா" என்றாள். அந்தச் சுவரில் பழைய ஆணி ஒன்று இருந்தது. நான் முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்த வெள்ளைப் பூவை ஒரு நூலில் கட்டி ஆணியில் மாட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "பத்திரம் முடியல, பாலு காய்ச்சல, அதுக்குள்ள பூசையா? வாங்காத ஊட்டுக்குச் சாமி குடி வந்த மொத ஊடு இதுதான் போ." கவிதா சிரித்துக்கொண்டே அந்தச் சுவரையும் போட்டோ எடுத்தாள். ஆணி, பூ, சுவர். வேறு எதுவும் இல்லை அந்தப் படத்தில்.

இரண்டு மூன்று நல்ல மழை பெய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சில வாரம் கழித்து மறுபடி மூன்று பேரும் போனோம். முன்பக்கம் ஒட்டிய கண்ணாடி எல்லாம் அப்படியே முழுசாக இருந்தது. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பையனுக்குப் பரீட்சையில் பாஸ் வந்த மாதிரி. நான் என் பூவைப் பார்க்கப் பின்பக்க அறைக்குப் போனேன்.

பூ காய்ந்து ஆணியிலேயே தொங்கியது. அதற்கு நேர் கீழே ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருந்தது. நடுவில் உடைந்து இரண்டாக.

"கண்ணு, இங்கயும் ஒட்டினியா நீ?" என்று குரல் கொடுத்தேன். அவள் வந்து பார்த்தாள். போனில் டார்ச் அடித்தாள்.

"இது நான் ஒட்டுனது இல்லீங்மா."

அது அவள் கண்ணாடியே இல்லை. கனமாக, லேசாகப் பச்சை ஓடி, உள்ளே குமிழி குமிழியாக இருந்தது. இரண்டு முனையிலும் சிமெண்ட் இல்லை, சுண்ணாம்பு. அதுவும் நேற்று முன்தினம் பூசியது இல்லை. நகத்தால் கீறினால் நகம்தான் தேயும், அவ்வளவு இறுகிக் கிடந்தது. அதன் ஓரங்களின் மேல் பழைய வெள்ளையடிப்பு இரண்டு மூன்று பூச்சு ஏறியிருந்தது. கவிதா போனை எடுத்து முதல் நாள் படத்தைக் காட்டினாள். அதே ஆணி, அதே பூ, கீழே வெறும் சுவர். பெரிதாக்கிப் பார்த்தோம், வெறும் சுவர்தான். அவளுக்குப் பயமே இல்லை, நம்புங்கள். அதிசயமான பூச்சியைப் பார்த்த குழந்தை மாதிரி மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "இதுல என்ன அதிசயம்னா" என்று மெதுவாகச் சொன்னாள், "கண்ணாடி ஒடஞ்சிருக்கு, ஆனா அடியில செவுத்துல விரிசலே இல்ல பாருங்க. செவுரு நகராம கண்ணாடி எப்படீங்மா ஒடையும்?"

என் வீட்டுக்காரர் லெட்சுமி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கோபித்துக்கொண்டார். "சாவி என் இடுப்புலதாங்க கெடக்குது. பூச்சி பொட்டுகூட உள்ள போகல. வேணும்னா உங்க சாவிய நீங்களே வச்சிக்கங்க!" என்று கொழுந்துக் கூடையோடு நடையைக் கட்டிவிட்டார். இவர் அவரைச் சமாதானப்படுத்தப் பின்னாலேயே இறங்கினார். கவிதா வெளிப்பக்கம் சுவரைப் பார்க்கப் போனாள். அறையில் நான் மட்டும் நின்றேன்.

அப்போதுதான் கவனித்தேன். இடது முனைச் சுண்ணாம்பில் ஒரு கட்டைவிரல் தடம். ஈரமாக இருக்கும்போது யாரோ அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், ரேகை கூடப் பதிந்திருக்கிறது. அந்த ரேகைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு.

என் இடது கட்டைவிரலில் ஒரு தழும்பு உண்டு. கல்யாணமான புதிதில் அரிவாள்மனையில் பூசணிக்காய் நறுக்கும்போது பட்டது, சாய்வாக இருக்கும். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது, விரலைக் கொண்டுபோய் அந்தத் தடத்தில் வைத்தேன். பொருந்தியது. கோட்டின் மேல் கோடு, நகம் பதிந்த இடத்தில் நகம். சொந்தச் செருப்பில் கால் போகிற மாதிரி போய் உட்கார்ந்தது.

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கவிதா வாசலில் நின்றாள். "அம்மா, இத நான் ரிப்போர்ட்ல எப்படீங்க எழுதறது? விரிசல் இல்லாத எடத்துல ஒடஞ்ச கண்ணாடின்னு எழுதுனா சிரிப்பாங்க. நான் பாத்த வரைக்கும் இது நல்ல ஊடு. வாங்கறதும் வேண்டாங்கறதும் இனி உங்க கையிலதான்."

நான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஏனுங்க, இந்த மழைக்காலம் கழியட்டுங்க. அப்புறம் வாங்கலாம்."

அவர் கொதித்துப் போய்விட்டார். "அம்மன் வெள்ளப்பூ குடுத்துட்டா, இன்ஜினியரும் நல்லாருக்குதுன்னுட்டா, இன்னும் யாரு வந்து சொல்லோணும் உனக்கு? குவார்ட்டர்ஸ காலி பண்ணிட்டு நடுத்தெருவுலயா குடியிருக்கறது?" கட்டைவிரல் தடத்தைப் பற்றி இவரிடம் எப்படிச் சொல்வது? அழுதேன். என் அழுகைக்காகத்தான் ஒத்துக்கொண்டார். கோயமுத்தூர்ப் பெரியவரும் காத்திருக்கிறேன் என்றார். ஒற்றை அறையில் வாடகைக்குப் போனோம். பீரோவைப் பிரித்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க என்னிடம் அவர் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐப்பசியில் விடாமல் மழை. அடியில் எங்கோ புது ஊற்று திறந்துவிட்டது என்றார்கள். ஒரு காலையில் லெட்சுமி அக்கா போன் பண்ணினார், "வந்து பாருங்க, அந்தப் பின்பக்கத்து ரூம்பு போயிருச்சு."

போனோம். முன்பக்கம் அப்படியே நிற்கிறது. பின்பக்க அறைக்கு அடியில் மண் சரிந்து, பாதி அறை தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தது. கிழக்குச் சுவர் மட்டும் மேலிருந்து கீழ் வரை வாய் பிளந்து நின்றது. விடியற்காலையில் சரிந்ததாம். நான் விளக்கேற்றுகிற நேரம் அது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சரிந்த மண்ணைத்தான் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆணிக்குக் கீழே, உடைந்த கண்ணாடியின் இரண்டு துண்டுக்கும் சரியாக நடுவில் புகுந்து இறங்கியிருந்தது பிளவு. கண்ணாடி முதலில் உடைந்தது, சுவர் பின்னால் பிளந்தது. கவிதாவும் வந்து பார்த்தாள். "இத மாதிரி நான் படிச்சதில்லீங்மா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மன் வெள்ளைப் பூ கொடுத்தது ஏன் என்று ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். இப்போது குழப்பமில்லை. அந்தப் பூ இல்லாவிட்டால் அந்த ஆணிக்குக் கீழே யார் பார்த்திருப்பார்கள்? அதுவரைக்கும் எனக்குப் புரிகிறது.

இப்போது எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில், சின்ன வீடு, சின்னப் பூஜை அறை. குறையொன்றும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நிலைப்படிக்கு மஞ்சள் பூசும்போது இந்த இடது கட்டைவிரலைப் பார்ப்பேன். நான் சுண்ணாம்பு குழைத்ததில்லை, கண்ணாடி ஒட்டியதில்லை. ஆனால் அது என் விரல், அதில் சந்தேகமே இல்லை. இதுவரை நான் ஒட்டவில்லை என்றால், எங்கோ, எப்போதோ, இனிமேல்தான் ஒட்டப் போகிறேனோ? அன்றைக்கு இந்த இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று எனக்கு யார் சொல்வார்கள்? மறந்துவிட்டால்?

இதைப் படித்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், ஆனால் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அழுகைச் சத்தம் கேட்டது, உருவம் தெரிந்தது என்றெல்லாம் சேர்க்க வேண்டாம், அப்படி எதுவும் இல்லை. கிழக்குச் சுவர், பழைய ஆணிக்கு நேர் கீழே, இடது முனையில் இடது கட்டைவிரல். இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒரு நாள் இதை யாராவது எனக்கே திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கலாம்.