அண்ணை திறக்காமல் வைத்திருந்த சார்டோனே

எமது அண்ணை சுன்னாகத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, சுவிஸ் நாட்டின் எங்கடின் பள்ளத்தாக்கில் பனி விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் கண்மூடினார். இடையில் அவர் இருந்து களைப்பாறியதை நான் காணவில்லை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், ஓரிடத்தில் நில்லாதவன். தெரிந்ததை எழுதுகிறேன்.

அகதியாக வந்த அண்ணைக்கு மலையடி ஹோட்டலொன்றில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. கை வெடித்து இரத்தம் வரும். அது எல்லோருக்கும் வந்ததுதான். பிறகு வைன் நிலவறையில் விட்டார்கள். மணந்து பார்த்தே நல்லது கெட்டது சொல்லுவார். வீட்டில் நல்ல நாளுக்கு ஒரு கிளாஸ், அவ்வளவுதான்.

நான் இத்தாலி, கனடா என்று அலைந்து, அமெரிக்காவில் ஓரிகனில் சார்டோனே என்ற வெள்ளை வைனுக்கான திராட்சைத் தோட்டமொன்றில் வேலைக்கு நின்றேன். காய்த்த குலைகளில் பாதியை வெட்டி நிலத்தில் போடச் சொன்னார்கள். அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"விசரங்கள் அண்ணை. நல்ல குலையை வெட்டி எறியிறாங்கள்."

"விசரன் நீதான். மிச்சக் குலைக்குச் சத்துச் சேரட்டும் எண்டுதான்ரா வெட்டுறது. குளிருக்கை ஆறுதலாப் பழுத்தால் புளிப்புப் போகாது. நல்ல சார்டோனேக்கு அதுதான் வேணும். ஒரு போத்தல் அனுப்பு பாப்பம்."

சுவிஸுக்குப் புறப்பட்ட ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். அண்ணை போன் எடுத்தார்.

"வந்திட்டுது. நீ வந்தால்தான் திறப்பன்."

"வாறன் அண்ணை."

"உன்ரை வாறன் எனக்குத் தெரியும்."

நான்கு வருடம் அப்படியே சொன்னேன். கடைசியாக, "கெதியா வா" என்றார். நோயைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் வந்தபோது அண்ணை இல்லை. போத்தல் இருந்தது.

அண்ணை போய் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவருக்கு விருப்பமானதெல்லாம் படைத்தோம். மீன் குழம்பு, ஆட்டிறைச்சியோடு வைக்க அந்தப் போத்தலையும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தேன். திறக்கப் போக, அண்ணி கையைப் பிடித்தார்.

"பொறுங்கோ தம்பி. இவ்வளவு குளிரிலை குடுத்தால் அவர் தொடமாட்டார். மணம் வராது எண்டுவார். அரை மணித்தியாலம் வெளியிலை இருக்கட்டும்."

"சோறு ஆறுதெல்லே பிள்ளை," என்றார் ஒரு பெரியவர்.

"ஆறட்டும்."

எல்லோரும் காத்திருந்தோம். பிறகு இரண்டு கிளாஸில் ஊற்றினேன். ஒன்றை இலையருகில் வைத்தேன். மற்றதை மணந்து பார்த்தேன். தேசிக்காய்த் தோலும் பச்சை அப்பிளும் போல இருந்தது. சரிதானா என்று கேட்க ஆளில்லை.

கடைசி மாதங்களில் அண்ணையைப் பராமரித்த தாதியருக்கும், அவரது பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த ஹோட்டல் தோழர்களுக்கும், தூர இடங்களிலிருந்து ரயிலேறி வந்து, அன்று ஆறிப்போன சோற்றை ஒரு வார்த்தை சொல்லாமல் உண்ட உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தம்பி