பதினேழுக்கு நான் போட்ட கிரேடு

தவமலரின் சோதனைக்காலம் முடிய மூன்று நாள் இருந்தபோது எங்கள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இந்தம்மாவைப் பெர்மனென்ட் பண்றது சரிவராதுன்னு தோணுது. நீ என்ன சொல்ற?" என்றார். அவர் பேசியது பிரெஞ்சு. என் காதில் எதுவும் திருநெல்வேலித் தமிழாகத்தான் விழும்.

மேசையில் அவர் தூக்கிப் போட்ட அறிக்கையில் பிழை இருந்தது உண்மை. அது யாருடைய பிழை என்று எனக்கு அப்போது தெரியாது.

உதைக்காத உதைபந்து

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுவதால், முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் மெட்ரோவிலிருந்து ஸ்டாலின்கிராட் போகும் வழியில், ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால் ஆட்ட வீடியோக்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் கிரேடு போடுவதுதான் தொழில். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அணிகள் முறை வைத்துக் கல்லூரி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். யாரை எடுப்பது என்று குழம்பும் ஓர் அணி எங்களிடம் கேட்கும்.

நான் பதினாலு வருஷமாக வைட் ரிசீவர்களை மட்டுமே பார்க்கிறேன். மைதானத்தின் ஓரத்தில் நின்று, சொல்லிவைத்த பாதையில் ஓடி, எறிகிற பந்தைப் பிடிக்கிறவன் அவன். அந்தப் பாதை ரூட். அவனுக்கும் அவனைத் துரத்துகிறவனுக்கும் நடுவில் விழும் இடைவெளி செபரேஷன். இந்த இரண்டு சொல் தெரிந்தால் எங்கள் ஆபீசில் யாரோடும் சண்டை போடலாம். டிராஃப்ட் நெருங்கினால் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடுவதில்லை.

தவமலருக்கு நாற்பது வயது. வன்னியிலிருந்து வந்தவர். கார்ஜ் என்ற புறநகரில் குடியிருந்தார். லா சப்பல் ரெஸ்டாரன்ட்களில் பல வருஷம் தட்டுத் தூக்கி மணிக்கட்டு போய்விட்டது. இனித் தூக்கினால் கை வராது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களிடம் வந்தார். இந்த வேலையும் போனால் திரும்பத் தட்டுத்தான்.

முதல் நாள் அரைமணி நேரம் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம், "அண்ணை, உதைபந்தாட்டம் எண்டு சொன்னியள். ஒருத்தரும் உதைக்கேல்லையே" என்றார். நான் சிரித்து முடிப்பதற்குள் அடுத்ததைச் சொன்னார். "இவன் இப்ப இடப்பக்கம் திரும்புவான்." வீடியோவை ஓடவிட்டேன். திரும்பினான். அடுத்தவன், அதற்கடுத்தவன் என்று பத்தில் ஒன்பது சரி.

"எப்படிங்க?" என்றேன்.

"காலைப் பாருங்கோ. கதிரையிலை இருந்து எழும்பப் போற ஆள் முதல்ல காலைத்தான் திருப்பும். நாலு தட்டோடை போகேக்கை அதைக் கவனிக்காட்டி, சாம்பார் அவரின்ரை தலையிலைதான்."

பதினாலு வருஷமாக நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்து அவ்வளவு பிரமிப்பு.

நாலா, பதினேழா

மூன்று மாதம் போனது. ஓர் அணி இரண்டு ரிசீவர்களைக் கொடுத்து, யாரை எடுக்கலாம் என்று கேட்டது. சட்டை நம்பரை வைத்து ஒருவனை நாலு என்போம், மற்றவனைப் பதினேழு. நாலு நெடியவன், ஓட்டத்தில் குதிரை. பதினேழு குள்ளம், வேகமும் சுமார். எனக்கு நாலுதான் உயிர். தவமலர் ஒத்துக்கொள்ளவில்லை.

"திரும்ப முதலே அவன்ரை வலது கால் வெளியிலை போகுது. எனக்கே தெரியுது, பின்னாலை ஓடுறவனுக்குத் தெரியாமப் போகுமோ?"

"ஆளு உயரத்தைப் பாருங்க. குதிச்சா யாரு கைக்கு எட்டும்?"

"குதிக்க விட்டாத்தானே அண்ணை."

"அப்ப பதினேழு?"

"இன்னும் பாத்து முடியேல்லை" என்று சொல்லி, ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

செபரேஷன் எண்களை அவரே கணினியில் போடுவார். இங்கிலீஷ் எழுத வராது என்பதால் குறிப்பைத் தமிழில் எழுதித் தருவார், நான் இங்கிலீஷில் மாற்றுவேன். "கால் சொல்லிப்போட்டுது", "தோள் சொல்லிப்போட்டுது" என்று அழகாக எழுதுவார். பதினேழின் கிளிப்களுக்கு மட்டும் ஒரே சொல். விளங்கேல்லை. அடுத்ததற்கும் விளங்கேல்லை. பக்கம் பக்கமாக அதுதான்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்கவே வேண்டாம். பிளஸ் டூ மார்க்கைப் பார்த்துவிட்டு என் அப்பா, "வெளங்காத பய" என்றார். உருப்படமாட்டான் என்று அர்த்தம். பதினேழைப் பற்றித் தவமலரும் அதையே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், என் நாலு ஜெயித்ததில் எனக்கு உள்ளூரக் குஷி. 'தேறமாட்டான்' என்று இங்கிலீஷில் எழுதி, கடைசி கிரேடு போட்டு முதலாளிக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த அறிக்கைதான் அவர் மேசையில் கிடந்தது. "செபரேஷன்ல பதினேழுதான் முதல்ல நிக்கிறான். இந்தம்மா போட்ட நம்பர். குறிப்புல அவனே கடைசி. அதுவும் இந்தம்மா எழுதுனதுதான். கண்ணு ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு எழுதுது. இப்படி ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"பேசிப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வந்தேன். தவமலருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்றும் எனக்கு வெட்கம்.

வந்த வேகத்தில் தவமலரிடம் எரிந்து விழுந்தேன். "நம்பர் இவ்வளவு நல்லாப் போட்டுட்டு ஏன் விளங்கலைன்னு எழுதுனீங்க?"

"விளங்கேல்லை எண்டா விளங்கேல்லைதான் அண்ணை. நிப்பாட்டி நிப்பாட்டிப் பாத்தனான். எந்தப் பக்கம் போவான் எண்டு ஒருக்காலும் பிடிபடேல்லை. அவன்ரை கால் ஒண்டும் சொல்லுதில்லை." திரையைக் காட்டி, "அதுதானே அவன்ரை கெட்டித்தனம்" என்றார்.

புரியவில்லை என்றுதான் அவர் எழுதியிருந்தார். நிறுத்திப் பார்க்க வசதி இருக்கிற இந்தக் கண்ணுக்கே பிடிபடாதவன், கூட ஓடுகிறவனுக்கு எப்படிப் பிடிபடுவான்? ஒரு ரிசீவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அதைத்தான் நான் 'தேறமாட்டான்' ஆக்கியிருந்தேன்.

எங்கள் ஊர் அர்த்தத்தைச் சொன்னேன். முதலாளி சொன்னதையும் மறைக்கவில்லை. தவமலர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பத்ரோனிட்டை ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். பத்ரோன் என்றால் பிரெஞ்சில் முதலாளி.

"நான்தான்" என்றேன்.

இருவரும் போனோம். பதினேழின் கிளிப் ஒன்றைப் பந்து எறிவதற்கு முன் நிறுத்தி, எந்தப் பக்கம் போவான் என்று முதலாளியைக் கேட்டேன். இடது என்றார். நான் வலது என்றேன். பதினேழு நேராக ஓடிப் போனான். இன்னும் இரண்டு கிளிப்பில் தோற்றோம். பிறகு நாலின் கிளிப்களைப் போட்டேன். தவமலர் ஐந்துக்கு ஐந்து சரியாகச் சொன்னார்.

"அப்ப தப்பு?" என்றார் முதலாளி.

"என்னுது. இவங்க தமிழை நான் என் தமிழா படிச்சிட்டேன்."

"பதினாலு வருஷமா இங்க இருக்க, இன்னும் இவங்க பேச்சு தெரியலையா?" என்றார்.

வெள்ளிக்கிழமை தவமலர் நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு, "இனித் தட்டுத் தூக்கத் தேவையில்லை என்ன?" என்று என்னிடம் கேட்டார். தேவையில்லை என்றேன்.

அந்த அணி பதினேழை எடுத்தது. நாலை வேறோர் அணி அதற்கு முன்பே கொண்டுபோனது. இருவரில் யார் பெரிய ஆள் என்ற சண்டை எங்களுக்குள் இன்னும் ஓடுகிறது. நான் நாலை விடுவதாக இல்லை.

இப்போது

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தெரியாத சொல் வந்தால் நீங்களே கேட்டுவிடுவீர்கள். தெரிந்த சொல் வரும்போதும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கிரேடு பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இப்போது ஒரு புதுக் கட்டம் இருக்கிறது. அதன் பெயர் விளங்கேல்லை. அதில் ஆளைப் போடும் உரிமை தவமலருக்கு மட்டும். இந்த வருஷம் இதுவரை ஒருவனும் ஏறவில்லை. டிராஃப்ட் நெருங்குகிறது. முதலாளி தினமும் காலையில் வந்து, "விலாங்கெலே?" என்று ஆசையாகக் கேட்கிறார்.

தவமலர் திரையிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. "இல்லை. எல்லாம் விளங்குது" என்கிறார்.