ஃபுல் லோடு அக்கா

அரசுக் கட்டடங்களுக்கு பாட்டரி வாங்கும் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த அந்த அம்மாளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஃபுல் லோடு அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். கரண்ட் போனால் ஒரு கட்டடத்தையே தாங்கிப் பிடிக்கிற, இரும்பு பீரோ அளவு பாட்டரிகள் அவை. கம்பெனிக்காரர்கள் நாலு விளக்கைப் போட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினால் அக்காவிடம் பருப்பு வேகாது.

"எல்லாத்தையும் போடுங்க. ஃபுல் லோடு. எத்தனை மணி நேரம்னு சொன்னீங்களோ அத்தனை மணி நேரம்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாட்டரிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். சும்மா இருக்கவும் மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பார். "எங்க வீட்ல ஒரு சட்டையிலயும் பொத்தான் குறையாது. எல்லாம் பாட்டரி தயவு" என்பார் அவர் கணவர். இப்படி ஒரு மனுஷியை அந்த ஆபீஸ் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கப் போவதில்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது, அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டுக்கு பாட்டரி வாங்கும் வேலை வந்தது. நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும் என்று முடிவுசெய்ய, அக்காவே நேரில் போய்க் கருவிகளை எண்ணி எழுதிக்கொண்டு வந்தார். டெண்டர் முடிந்தது. பாட்டரியும் வந்தது.

சோதனை நாளில் குழந்தைகளைப் பக்கத்து வார்டுக்கு மாற்றினார்கள். காலை பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் ஒரு சுவிட்ச் விடாமல் போட்டார். இரண்டரை மணி நேரம்தான். அக்கா நாலாவது சட்டையில் இருந்தபோது விளக்கெல்லாம் அணைந்துவிட்டது.

கம்பெனி இன்ஜினியர் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினார். "அக்கா, எங்க மேல தப்பில்ல. உங்க லிஸ்ட்ல வார்மர் ஏழு. இங்க பன்னெண்டு ஓடுது."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கருவி அந்த வார்மர். அவர் எண்ணப் போன அன்று வார்டில் ஏழே குழந்தைகள். மற்ற ஐந்து வார்மர்களும் அணைத்துக் கிடந்தன. ஊரையே ஃபுல் லோடு என்று மிரட்டியவர், ஓடிக்கொண்டிருந்ததை மட்டும் எண்ணிவிட்டார்.

மேலதிகாரி நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அஞ்சை ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை டெஸ்ட் வைங்கம்மா. லிஸ்ட் படி நாலு மணி நேரம் நிக்கும். கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க. நீங்களா தப்புன்னு எழுதினா மெமோ வரும், பென்ஷன் இழுத்தடிக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அச்சகத்தில் வேலை பார்த்த கணவருக்குப் பென்ஷன் கிடையாது. இனி இரண்டு பேரும் அக்காவின் பென்ஷனில்தான் காலம் தள்ள வேண்டும்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர், "எழுதலன்னா யாருக்குத் தெரியும்?" என்றார்.

"கரண்ட் போற அன்னைக்குத் தெரியும்."

கணவர் பாயை விரித்தார். "அப்ப எழுதிடு. இல்லன்னா நீ புரண்டு புரண்டு படுப்ப, என் தூக்கமும் போயிடும்."

மறுநாள் அக்கா கோப்பில் தன் கையால் எழுதினார்: 'ஓடிய வார்மர்களை மட்டும் எண்ணியது என் தவறு. குழந்தை இல்லாத வார்மரையும் எண்ணியிருக்க வேண்டும். கூடுதல் பாட்டரி உடனே தேவை.' எத்தனையோ கோப்புகளைப் பார்த்த அந்த ஆபீஸில், 'என் தவறு' என்று ஒருவர் எழுதி நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மெமோ வந்தது. பென்ஷன் காகிதம் ஏதோ ஒரு மேசையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஆனால் அக்கா ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம் கூடுதல் பாட்டரியும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வார்மர்களும் ஓட, நான்கு மணி நேரம் அது அசையவில்லை.

அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்து இரண்டு மாதமாகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. கணவர் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. இரண்டரையைத் தாண்டியதும் அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வார்டின் தலைமை நர்ஸுக்குப் போன் போட்டார்.

"ஒரு நாளாவது பென்ஷன் என்னாச்சுன்னு இப்படிப் போன் போட்டிருக்கியா நீ?" என்றார் கணவர்.

அக்கா கையமர்த்தினார். "சிஸ்டர், வார்மரெல்லாம் ஓடுதா?"

"ஓடுதேக்கா. இன்னைக்குப் பன்னெண்டுலயும் குழந்தைங்க இருக்கு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏன்க்கா," என்றார் நர்ஸ், "வெளிய கரண்ட் இல்லையா?"