தேதியில்லாத துண்டு

கங்கையம்மாள் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பம்மலிலிருந்து பஸ் ஏறி, மேற்குத் தாம்பரத்தில் ஸ்ரீநிவாசராகவனின் மருந்துக்கடைக்கு எட்டரை மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். கூட்டுவது, சரக்கு பிரித்து அடுக்குவது, அது முடிந்தால் ஓரமாக நிற்பது, இவ்வளவுதான் வேலை. யாராவது பேச்சுக் கொடுத்தால் தலையாட்டுவாள். கண் மட்டும் சும்மா இருக்காது.

1988-ல் அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முழு மாத்திரை அட்டை வாங்கமாட்டார்கள். ரெண்டு குடு, நாலு குடு என்பார்கள். கவுண்டரில் நிற்கும் கேசவன் அட்டையைப் பெட்டியிலிருந்து பாதி இழுத்து, வெளியே நீட்டியிருக்கும் பக்கத்தை வெட்டுவான். காலாவதித் தேதி அட்டையின் ஒரு முனையில்தான் இருக்கும். அந்த முனை போய்விட்டால், மிச்சம் எந்த வருஷத்துச் சரக்கு என்று யாருக்கும் தெரியாது. மிச்சமெல்லாம் ஒரு பிஸ்கெட் டின்னில் விழும். காலாவதியானதைத் திரும்ப எடுக்க வரும் மொத்தக்கடை ஆள் லாசரஸ், தேதி இல்லாத துண்டைத் தொடமாட்டான். அதனால் டின் காலியாவதே இல்லை. சில்லறையாகக் கேட்கிறவர்களுக்குக் கேசவன் முதலில் அதில்தான் கையை விடுவான்.

கீரை விற்கும் அஞ்சம்மாள் அப்படிக் கேட்கிறவள். மகள் வேதாவுக்கு வலிப்பு. மூன்று நாளைக்கு ஒருமுறை ஆறு மாத்திரை வாங்குவாள். இரண்டு வருஷமாக அடங்கியிருந்த வலிப்பு அந்த ஜனவரியில் ஒரே வாரத்தில் இரண்டு தடவை, அதுவும் வகுப்பிலேயே வந்துவிட்டது. ஒரு மாதம் வலிப்பு வராமல் இருந்தால் அழைத்து வா, அதுவரை வேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். டாக்டர் மாத்திரை அட்டையைக் கேட்டார். அஞ்சம்மாள் காட்டிய துண்டில் தேதி இல்லை.

அதைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். கேசவன் நிமிராமலே, "ஒழுங்கா குடுத்தியாம்மா? நீ மறந்துட்டு கடை மேல போடாத" என்றான்.

"ரெண்டு வேளையும் நான்தாம்பா வாயில போடறேன். அந்த மாத்திரைக்கு இன்னா வயசுன்னுதான் எனக்கும் தெரில, உனக்கும் தெரில."

ஸ்ரீநிவாசராகவன் புதுப் பெட்டி பிரித்து ஒரு முழு அட்டையைக் கொடுத்து அனுப்பினார். டின் இருந்த இடத்திலேயே இருந்தது. அடுத்த தடவை அவள் ஆறு கேட்டால் கேசவன் கை எங்கே போகும் என்று கங்கையம்மாளுக்குத் தெரியும். மத்தியானம் முதலாளி பக்கத்தில் போய் நின்றாள். அவர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் வாய் திறந்தது.

"தேதி இல்லாத பக்கமா வெட்டச் சொல்லுங்க சார். கடைசி மாத்திரை வரைக்கும் தேதி கூடவே இருக்கும்."

"அக்கா மருந்து கம்பெனியே வைக்கப் போறாங்க சார்" என்றான் கேசவன். சாயங்கால நெரிசலில் முனை பார்த்து வெட்ட நேரம் ஏது என்றும் கேட்டான். அது நியாயமாகத்தான் முதலாளிக்குப் பட்டது. கங்கையம்மாளுக்கும் பட்டது.

மறுநாள் ஒரு மணி நேரம் முன்னதாக வந்தாள். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, தேதி முனை உள்ளே போகும்படி அட்டைகளைத் திருப்பி அடுக்கினாள். கேசவன் எப்போதும்போல இழுத்தான், எப்போதும்போல வெட்டினான். ஒரு வாரம் கழித்து டின்னில் புதிதாக விழுந்த துண்டுகளை முதலாளி எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் தேதி இருந்தது.

பழைய துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் கொட்டலாம் என்றான் கேசவன். தொட்டியைக் கிளறுகிறவர்கள் மாத்திரையைப் பொறுக்கி விற்பதைத் தான் பார்த்திருப்பதாகக் கங்கையம்மாள் சொன்னாள். கடைசியில் முதலாளி லாசரஸைப் பிடித்து, பதிலுக்கு எதுவும் வேண்டாம், காலாவதிச் சரக்கை எரிக்கிற இடத்தில் இதையும் சேர்த்து எரித்துவிடு என்று ஒப்படைத்தார்.

மார்ச் முதல் வாரம் வேதா பள்ளிக்கூடம் போனாள். அன்று அஞ்சம்மாள் ஆறு மாத்திரை வாங்கிக்கொண்டு, தேதியோடு கடையில் மிச்சம் நின்ற துண்டைக் காட்டச் சொன்னாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. கேசவன் வாசிக்க வந்தபோது அவள் கங்கையம்மாள் நின்ற ஓரத்துப் பக்கம் கையை நீட்டி, "அந்தம்மா படிக்கட்டும்" என்றாள்.

கங்கையம்மாள் மாதத்தையும் வருஷத்தையும் படித்தாள். பேனாவை வாங்கி, மாத்திரை போட்ட காகித உறையின் மேலும் எழுதிக் கொடுத்தாள். பின்னால் மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றவர் தன் உறையையும் நீட்டினார்.