மாமா பாடிய மூன்றாவது வரி

மாமா எங்கள் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது சாப்பிடும்போது மட்டும்தான். அப்போதும் ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும் உள்ள சின்ன ஃபிளாட் எங்களுடையது. ஹாலில் நானும் தம்பியும் படுப்போம். மாமாவுக்குச் சமையலறை வாசலில், ஃபிரிட்ஜை ஒட்டி ஒரு மெத்தை. விடிந்ததும் அதைச் சுருட்டி வைத்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கத் தொடங்குவார். இடதுகை விரல்கள் தொடைமேல் எதையோ அழுத்தி அழுத்தி எடுக்கும். எனக்கு ஒன்பது வயது. வேலை போனவர்களுக்கு வரும் ஒரு வியாதி அது என்று நினைத்திருந்தேன்.

வேலை போனதாகத்தான் அவர் சொல்லியிருந்தார். கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் டெக்னீஷியனாக இருந்தவர். கம்பெனியில் ஆட்களைக் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு விசிட் விசாவில் ஷார்ஜா வந்து இறங்கினார். தன் தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று உம்மா திங்களும் வியாழனும் நோன்பு வைத்தாள். அத்தர் கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் வாப்பா, தன் கஃபீலான அரபி முதலாளியிடம் பேசி அதே கடையில் மாமாவுக்கு ஒரு வேலைக்குச் சம்மதம் வாங்கியிருந்தார். உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதைச் சொல்லும்போது வாப்பாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. விசா முடிய இன்னும் ஒன்பது நாள்.

கத்தாரில் மாமாவுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் ஒரு கறுப்பின அமெரிக்கர். டியூட்டி முடிந்ததும் கேம்ப் அறையில் உட்கார்ந்து கிடார் வாசிப்பாராம். அவருடைய முப்பாட்டன்கள் பருத்திக்காட்டில் பாடிய ப்ளூஸ் என்ற பாட்டு. அதைக் கேட்டுக் கேட்டு மாமாவும் வாசிக்கப் பழகிவிட்டார் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். கூத்துப் பாட்டெல்லாம் வாப்பாவுக்கு ஆகாது. ஆகவே கிடாரைத் தோஹாவிலேயே கொடுத்துவிட்டதாக மாமா சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து சாப்பிட்ட கையோடு, கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

"இந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போ. ஊட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்குறா" என்றாள் உம்மா.

மாமாவின் முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். அடுத்த தெருவில் ஒரு பிலிப்பினோ நண்பரின் அறை. அங்கிருந்து நண்பரும் ஒரு கறுப்புப் பெட்டியும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். துபாய் பஸ்ஸில் ஏறினோம்.

"கடல் அந்தப் பக்கம்ல இருக்கு மாமா?"

"இது வேற கடல். வாயை மூடிட்டு வா."

வழியெல்லாம் டிராஃபிக். மாமா நாலு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பஸ் நின்ற இடத்திலிருந்து ஒரு ஹோட்டல்வரை என்னை ஏறக்குறைய இழுத்துக்கொண்டு ஓடினார். உள்ளே பெரிய உணவுக்கூடம் காலியாகக் கிடந்தது. மேலாளர் ஒரு லெபனான்காரர். மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, "யல்லா, ஒரு பாட்டு. உன் சொந்தப் பாட்டாக இருக்கட்டும்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

மாமா பெட்டியைத் திறந்தார். தோஹாவில் கொடுத்துவிட்டதாகச் சொன்ன கிடார் உள்ளே இருந்தது. பிலிப்பினோ நண்பர் டிரம்ஸில் லேசாகத் தட்ட ஆரம்பித்ததும் ஒரு அதிசயம் நடந்தது. மாமாவின் முழங்கால் நின்றுவிட்டது. உடம்பு முழுக்க அமைதியாகி விரல்கள் மட்டும் ஓடின. ஒரு கம்பியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தார். அழுது முடித்த குழந்தைக்கு வரும் விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு இங்கிலீஷில் பாடினார். ஒரே வரியை இரண்டு முறை, மெதுவாக. அப்புறம் வேறொரு வரியை ஒரே முறை, கிடாரின் இரைச்சலுக்குள் வேகமாக. அந்த வேகமான வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை வந்தவை மட்டும் மனப்பாடமாகிவிட்டன. அதில் எங்கள் வீடு இருந்தது!

"கலாஸ்" என்றார் மேலாளர். எல்லாம் முடிந்தது என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது. நாளை மறுநாள் பாஸ்போர்ட்டோடு வா என்று அவர் சொன்ன பிறகுதான் அது நல்ல கலாஸ் என்று தெரிந்தது.

திரும்பும்போது மாமா, "ஊட்டுல நான் சொல்லிக்கிறேன். ரெண்டு நாள் பொறு" என்றார். சரி என்று தலையாட்டினேன். இரவுச் சாப்பாட்டு வரைதான் என்னால் பொறுக்க முடிந்தது.

"வாப்பா, மாமா நம்ம ஊட்டப் பத்திப் பாட்டுப் பாடுனாங்க! ஹோட்டல்ல வேலை கெடச்சிருச்சு!"

வாப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "என்ன பாட்டு?"

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிப்பவள் வீட்டில் நான் ஒருத்திதான். பெருமையாக ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறேன். மச்சான் எனக்கு ஒரு நாற்காலி பார்த்திருக்கிறார், எனக்கு அது வேண்டாம். கம்பெனி என்னை விடவில்லை, நான்தான் கம்பெனியை விட்டேன்.

உம்மா எழுந்துவிட்டாள். "ஆளக் கொறச்சிட்டாங்கன்னு சொன்னியே! ஒனக்காக நோன்பு வச்சேனேடா!"

வாப்பா சத்தம் போடவில்லை. "எடம் பத்தலன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். ஊரறியப் பாடணுமா?" என்றார். பாதிச் சோற்றோடு கை கழுவப் போனார்.

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு உம்மாவிடம், "புள்ள சொன்னது சரிதான் லாத்தா" என்றார்.

மறுநாள் காலை துணிப்பெட்டியோடு போய்விட்டார். வாப்பாவும் அவரும் அதன்பிறகு பேசிக்கொள்ளப் பல வருடங்கள் ஆயின.

இப்போது எனக்கு தோஹாவில் வேலை. போன மாதம் ஒரு மதியம், உணவகம் ஒன்றில் இலங்கைப் பெண் ஒருத்தி கிடாரோடு பாடிக்கொண்டிருந்தாள். மாமாவின் அந்த மெட்டைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. வார்த்தைகள் வேறு. இரண்டு அடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுப்பதைப் பற்றி ஏதோ. பாடி முடித்ததும் போய்க் கேட்டேன்.

"இது மஸ்கட்டில இருக்கிற ஒரு மாஸ்டரிண்ட பாட்டு, அக்கா. அவரோட வாசிச்ச ஒரு பெடியன் எனக்குச் சொல்லித்தந்தவன். இங்க பேண்டுகளில கனபேர் வாசிப்பினம். முதல் வரி முறைப்பாடு, மனசில இருக்கிற குறை. ரெண்டு தரம் சொல்லோணும். மூண்டாவது வரி மறுமொழி. வீடு மட்டும் அவரவர்ட வீடா இருக்கோணும்."

மஸ்கட் மாஸ்டர் என்று அவள் சொன்னது மாமாவைத்தான். அவர் பாடிய பதிவு அவளுடைய போனில் இருந்தது. காதில் வைத்துக் கேட்டேன். அக்கா வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறேன்; அந்த வீட்டில் குளிர்ந்து கிடப்பது அது ஒன்றுதான். மச்சான் எனக்கு ஒரு நாற்காலி பார்த்திருக்கிறார், எனக்கு அது வேண்டாம். நாளெல்லாம் நிற்கும் அந்த நல்ல மனிதர் கொஞ்சம் உட்காரட்டும். நான்தான் கம்பெனியை விட்டேன். அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை, கிடாரிடம் சொல்கிறேன்.

அன்று மாலையே மஸ்கட்டுக்கு போன் போட்டேன். "அன்னைக்கு அந்த மூணாவது வரிய ஏன் மாமா சொல்லல? சொல்லியிருந்தா எல்லாம் சரியாயிருக்குமே."

"நான் சொல்லியிருந்தா, புள்ள இட்டுக்கட்டிச் சொல்லுறான்னு ஆயிருக்கும்" என்றார் மாமா. "நீ சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லியே, மவளே." எதிலோ விரல்களால் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் போனில் கேட்டது.

அன்றிரவு அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பயத்தில், மறுநாள் காலை அவர் கிளம்பும்போது கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தேன். ஹாலைக் கடந்தவர் நின்று, குனிந்து, என் போர்வையின் கீழ்நுனியைப் பிடித்து இழுத்தார். என்னை எழுப்பித் திட்டப்போகிறார் என்று நினைத்து இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு முறை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டுப் போனார். ஏசி குளிரில் என் கால்கள் இரண்டும் போர்வைக்கு வெளியே கிடந்தன.