வாய்க்காலில் விழுந்த செவலை

மலேசியாவில், சுங்காய் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நானும் கணவரும் மாடுகளை மேயவிட்டு வளர்க்கிறோம். தீபாவளிக்கு மறுநாள் காலை, அருகிலிருந்த வீட்டில் சரவெடி வெடித்தார்கள். மாடுகள் மிரண்டு நாலாபக்கமும் ஓடின. நிறைசினையாக இருந்த செவலைப் பசு தோட்டத்துப் பெரிய வாய்க்காலில் விழுந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வயிறு வரை சேற்றில் புதைந்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தது. உதவிக்கு வந்தவர்கள் கழுத்தில் கயிறு போட்டு இழுத்தார்கள், கத்தினார்கள், ஒருவர் வாலை முறுக்கினார். அது திமிறத் திமிற இன்னும் உள்ளே இறங்கியது. கண் செருகியது. அழுதுகொண்டே கால்நடை மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன்.

"கயித்த விடச் சொல்லுங்கக்கா! பயத்துலயே உசுரு போயிரும். எல்லாரும் தள்ளிப் போவட்டும். நா வாரேன், அது வரைக்கும் தலைய மட்டும் தண்ணிக்கு மேல புடிச்சிக்குங்க," என்றார்.

நான் சேற்றில் இறங்கி அதன் தலையைத் தோளில் தாங்கினேன். கணவர் அதனோடு எப்போதும் மேயும் பசுவைக் கொண்டுவந்து, அதன் கண்ணில் படும்படி கரையில் கட்டினார். மெல்ல மூச்சு சீரானது. மருத்துவர் வந்ததும் வயிற்றுக்கடியில் பட்டை கொடுத்து, டிராக்டரால் மெதுவாகத் தூக்கினோம்.

செவலை பிழைத்தது. கன்று அன்று மாலை செத்துப் பிறந்தது. செவலை அதை நக்கி நக்கி எழுப்பப் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது பண்டிகைக்கு முன்பே மாடுகளைத் தூரத்துக் கொட்டகைக்கு மாற்றிவிடுகிறோம். "வெடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லுங்க லா," என்று அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொள்கிறேன். அப்படியும் எங்கோ வெடித்தால் செவலை நடுங்கும். சத்தம் ஓயும்வரை அதன் பக்கத்திலேயே நிற்கிறேன்.

– சுங்காய் வாசகி